ஏ1 ஜெர்மன் வகுப்பு: ஆறாவது வாரத்தில் ஆர்வம் எங்கே போகிறது?

#1 வெண்பலகை (இழையைத் தொடங்கியவர்)

நர்ஸிங் முடித்து ஜெர்மனி போகவென்று ஏ1-இல் (ஜெர்மன் மொழித் தேர்வுகளின் முதல் நிலை) சேரும் பேட்ச்களை மனதில் வைத்துக் கேட்கிறேன். முதல் இரண்டு வாரம் நோட்டு நிரம்பி வழியும். ஐந்து, ஆறாவது வாரம் வந்ததும் பின்வரிசை முதலில் காலியாகும். வருகிறவர்களும் கேமராவை அணைத்துவிட்டு உட்காருவார்கள். உடனே நிறுவனத்தில் ஒரு ‘மோட்டிவேஷன் கிளாஸ்’ போட்டு, ஜெர்மனி சம்பளம், ஐரோப்பா படம் எல்லாம் காட்டுவார்கள். இரண்டு நாள் தாங்கும், அவ்வளவுதான்.

வெட்கம், பயம், வீம்பு, சின்னச் சின்ன சந்தோஷம் இவையெல்லாம் மொழி கற்கும் ஆசையை எப்படி ஏற்றி இறக்குகின்றன? வகுப்பு நடத்துகிறவர் கையில் இதில் என்ன இருக்கிறது? ‘எங்க பேட்ச்சில் ஒரு பொண்ணு இருந்தா’ வகைக் கதைகள் வேண்டாம். நாளைக்கு வகுப்பில் செய்து பார்க்கக்கூடியதாகச் சொல்லுங்கள்.

#2 நன்னூல்வாசி

ஆறாவது வாரத்துக்கு ஒரு சாதாரணக் காரணம் உண்டு. முதல் வாரங்களில் எல்லாரும் சேர்ந்து கோரஸாகச் சொல்கிறார்கள். தப்பு கூட்டத்தோடு கரைந்துவிடும். ‘எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறான்’ என்பதுபோல இரண்டாம் வேற்றுமை வரும் வாக்கியங்கள் தொடங்கும்போதுதான் தனியாக எழுந்து சொந்த வாக்கியம் சொல்ல வேண்டியிருக்கிறது. நாலு பேர் முன்னால் முதல் தடவை வாய் தடுமாறுவது அங்கேதான்.

மொழி கற்றல் ஆய்வாளர் ஜான் ஷூமன் 1990களில் இதை மூளையின் மதிப்பீட்டு வேலையாக விளக்கினார். எதிரில் வருவதை மனம் ஐந்து கேள்விகளால் எடைபோடுகிறது: இது புதிதா, இனிமையா, என் நோக்கத்துக்கு உதவுமா, என்னால் சமாளிக்க முடியுமா, இதனால் என் மதிப்பு என்னாகும். ஏ1 வகுப்பில் அடி வாங்குவது கடைசி இரண்டும். மூன்றாவது கேள்விக்கு (வேலைக்கு உதவுமா) பதில் ஏற்கெனவே ‘ஆம்’. சம்பளப் படம் காட்டி அதையே திரும்பத் திரும்ப நிரப்பினால் எப்படி வேலை செய்யும்? நிரம்பிய குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை அது.

அதனால் நான் பார்க்கச் சொல்வது தடுமாறிய கணத்தை அல்ல, அதற்கு அடுத்த ஒன்றிரண்டு நிமிடத்தை. தடுமாறியவர் அதே வாக்கியத்தைச் சரியாக ஒருமுறை சொல்லிவிட்டு உட்கார்ந்தால், ‘சமாளித்தேன்’ என்று பதிகிறது. பாதியில் உட்கார வைத்துவிட்டால் ‘இது எனக்கு ஆகாது’ என்று பதிகிறது. அடுத்த நாள் அவர் கை தூக்க மாட்டார். கை தூக்காததால் பழக்கம் குறையும், பழக்கம் குறைந்ததால் அடுத்த தடுமாற்றம் பெரிதாகும். ஆர்வம் இந்தச் சுற்றில் கடைசியாகத்தான் போகிறது.

#3 உருபுமயக்கம்

நன்னூல்வாசி சொன்னதற்கு நேரடி உதாரணம் ஏ1 பேச்சுத் தேர்வின் முதல் நிமிடத்திலேயே இருக்கிறது. பெயர், வயது, நாடு, ஊர், மொழிகள், தொழில், பொழுதுபோக்கு என்று ஏழு குறிப்புச் சொற்களை வைத்துத் தன்னை அறிமுகம் செய்ய வேண்டும். பிறகு ஒரு சொல்லை எழுத்துக்கூட்டச் சொல்வார்கள், ஓர் எண்ணையும் கேட்பார்கள். எல்லாரும் ‘ஈஸி பார்ட்’ என்று ஒதுக்கிவிடுவார்கள். சறுக்குவது அங்கேதான்.

ஆங்கிலத்தில் ‘இ’ என்று சொல்லும் எழுத்தை ஜெர்மனில் ‘ஏ’ என்று சொல்ல வேண்டும். ஆங்கில ‘ஐ’ அங்கே ‘ஈ’. ஆங்கில ‘ஏ’ அங்கே ‘ஆ’. மூன்றும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. ஆங்கிலப் பழக்கத்தில் ‘இ’ என்று சொன்னால் எதிரே இருப்பவர் வேறு எழுத்தை எழுதுவார். விஜயா என்ற பெயரை ‘ஃபௌ, ஈ, யொட், ஆ, உப்ஸிலோன், ஆ’ என்று கூட்ட வேண்டும். சொந்தப் பெயரையே சொல்லத் தெரியவில்லை என்ற கூச்சம் தேர்வின் மீதிப் பகுதிகளிலும் தொற்றும்.

நம்மவர்களுக்குக் கூடுதல் சிக்கல் இனிஷியல். ‘குடும்பப் பெயர் என்ன?’ என்ற கேள்விக்கு அப்பா பெயரா, இனிஷியலை விரித்ததா, பாஸ்போர்ட்டில் உள்ளதா என்று அந்த நிமிடத்தில் யோசித்தால் வாய் நின்றுவிடும். முதல் வாரமே முடிவெடுக்க வேண்டும்: பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் விடை. அதை ஒரு அட்டையில் எழுதி, வகுப்பு தொடங்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் கூட்டிச் சொல்ல வேண்டும், அவர் கேட்டு எழுத வேண்டும். தினம் இரண்டு நிமிடம், பத்து வகுப்பு. எழுதியது பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போனால் முடிந்தது. பாராட்டே வேண்டாம், தாள் சொல்லிவிடும்.

#4 அரைப்புள்ளி

எல்லாவற்றையும் பயத்தின் தலையில் கட்டுவது எனக்கு ஒப்பவில்லை. ரிச்சர்ட் ஸ்பார்க்ஸ், லியோனோர் கன்ஷோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1991 முதலே இதை எதிர்த்து எழுதினார்கள். அவர்கள் வாதம்: ஒலியையும் எழுத்தையும் பிரித்துப் பிடிக்கும் திறன் குறைவாக இருக்கிறவர் மொழியில் திணறுகிறார், திணறுவதால் பயம் வருகிறது. பயம் இங்கே விளைவு. காரணத்தை விட்டுவிட்டு விளைவுக்கு மருந்து போட்டால் வகுப்பு ஜாலியாக இருக்கும், தேர்வில் 100-க்கு 60 வராது.

#5 நன்னூல்வாசி

ஒப்புக்கொள்கிறேன், பாதிதான். ஸ்பார்க்ஸ், கன்ஷோ இருவருக்கும் பீட்டர் மக்கின்டயர் என்ற ஆய்வாளர் பதில் எழுதினார்: திறன் குறைவால் பயம் வரலாம், ஆனால் வந்த பயம் அதற்குப் பிறகு தன் வேலையைத் தனியாகச் செய்கிறது. கேட்பது, மனதில் அசைபோடுவது, வாய்க்குக் கொண்டுவருவது என்ற மூன்று கட்டத்திலும் அது இடத்தை அடைத்துக்கொள்கிறது. எது முதல் என்று சண்டை போடுவதைவிட, நம் முன் இருப்பவருக்கு எது என்று பிரித்துப் பார்ப்பது உபயோகம்.

#6 அரைப்புள்ளி

அதற்கு வழி இருக்கிறது. பேச்சை ஒதுக்கிவைத்துவிட்டு பத்துச் சொல் எழுதச் சொல்லுங்கள். குறில் நெடில் ஜோடிகளாகக் கொடுங்கள்: வாடகைக்கு ‘மீட்டெ’, நடுவுக்கு ‘மிட்டெ’, நாட்டுக்கு ‘ஷ்டாட்’, நகரத்துக்கு ‘ஷ்டட்’. பிறகு தமிழில் இல்லாத வேறுபாட்டைக் கொடுங்கள்: ரொட்டி சுடுவதற்கு ‘பக்கென்’, ஆங்கில b போன்ற மெல்லோசை ‘ப’வோடு; மூட்டை கட்டுவதற்கும் ‘பக்கென்’, ஆங்கில p போன்ற வல்லோசை ‘ப’வோடு. தனியாக, மார்க் இல்லாமல், உட்கார்ந்த இடத்தில். இதில் சரியாக எழுதுகிறவர் நின்று பேசும்போது மட்டும் உளறினால் அது கூச்சம். இதிலேயே தவறினால் அவருக்குத் தேவை ஒலிப் பயிற்சி. தினம் ஐந்து நிமிடம், இரண்டு வாரம். அவரிடம் போய் ‘தைரியமா பேசும்மா’ என்றால் எரிச்சல்தான் வரும்.

#7 உருபுமயக்கம்

அந்தக் குறில் நெடில் விஷயத்தைத் தொடக்கத்திலேயே வெற்றியாகக் காட்டலாம். நீளத்தால் பொருள் மாறும் என்பது தமிழ்ப் பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்புப் பாடம். படு, பாடு போதும். அதேபோல ‘நீ’, ‘நீங்கள்’. ஆங்கிலம் வழியாக ஜெர்மன் போனால் ‘டு’, ‘ஸீ’ வேறுபாடு புதுத் தலைவலி. தமிழ் வழியாகப் போனால் அது கையில் இருக்கும் காசு. பள்ளியில் ஆங்கிலத்துக்காக வெட்கப்பட்டவர்களுக்கு ஆங்கிலம் வழியாகவே மூன்றாவது மொழியைக் கொடுப்பது பழைய புண்ணில் கை வைப்பது. விளக்கத்தைத் தமிழில் கொடுங்கள், பயிற்சியை ஜெர்மனில் வையுங்கள்.

#8 ஒற்றுப்பிழை

திருத்தும் விதத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆறாவது வாரக் காயத்தில் பெரும்பங்கு அதுதான்.

மாணவி சொல்கிறார்: ‘இஹ் ஹாபெ ஐன் ப்ரூடர்’ (எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறான்). ‘ஐன்’ இடத்தில் ‘ஐனென்’ வர வேண்டும். ஆசிரியர் மூன்று வகையில் நடந்துகொள்ளலாம். முகத்தைச் சுளித்து ‘நைன்!’ என்பது ஒன்று. அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. இரண்டாவது, சரியான வடிவத்தைத் தானே சொல்லிவிட்டு நகர்வது: ‘ஆ, ஐனென் ப்ரூடர், குட்.’ மென்மையானது, எல்லாரும் செய்வது. ராய் லிஸ்டரும் லெய்லா ரன்டாவும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், பிரெஞ்சு வழிக் கல்வி நடந்த நான்கு வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தார்கள். திருத்தங்களில் 55 சதவீதம் இந்த வகைதான். அதற்கு மாணவர் ஏதாவது ஒரு வகையில் பதில் காட்டியது 31 சதவீதம் மட்டும். மீதிக்கு எந்தப் பதிலும் இல்லை. திருத்தியதே அவர்களுக்குத் தெரியாமல் போயிருக்கலாம்.

மூன்றாவது, தவறுக்கு முந்தைய சொல் வரை ஆசிரியர் சொல்லி நிறுத்துவது: ‘இஹ் ஹாபெ...’ நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். மேரி பட் ரோ அறிவியல் வகுப்புகளில் அளந்தபோது ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். மூன்று நொடி ஆக்கியதும் பதில்கள் நீண்டன. மனசுக்குள் ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ எண்ணுங்கள். அப்போதும் வரவில்லையென்றால் ‘ஐன்? ஐனென்?’ என்று இரண்டைக் கொடுங்கள். அவரே எடுத்துச் சொன்னதும், முழு வாக்கியத்தையும் ஒருமுறை சொல்லிவிட்டு உட்காரச் சொல்லுங்கள். நன்னூல்வாசி சொன்ன ‘சமாளித்தேன்’ அங்கேதான் பதியும்.

ஒரு முறைக்கு ஒரு பிழைதான். பாலினம், வேற்றுமை, உச்சரிப்பு மூன்றையும் சேர்த்துத் திருத்தினால் அந்த வாக்கியம் அவருடையதாக இருக்காது.

#9 அரைப்புள்ளி

ஒரு திருத்தம். கூச்சம் அதிகமுள்ளவரை முழு வகுப்பு பார்க்க மூன்று நொடி நிறுத்தி வைத்தால் அது மூன்று யுகம். அவருக்கு உங்கள் மூன்றாவது வழி தண்டனை.

#10 ஒற்றுப்பிழை

சரிதான், நான் சொல்லாமல் விட்டேன். முதலில் இருவராக இரண்டு நிமிடம், பிறகு நால்வர் குழுவில் ஒருமுறை, அதற்குப் பிறகுதான் எழுந்து நிற்பது. மூன்றாவது தடவை சொல்லும் வாக்கியம் அது. சரளமாகப் பேச விடும் நேரத்தில் திருத்தவே கூடாது. துண்டுத்தாளில் குறித்துக்கொண்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் நான்கு பிழையைப் பெயர் இல்லாமல் பலகையில் எழுதுங்கள். யார் சொன்னது என்று கேட்கவும் கூடாது, அந்தப் பக்கம் பார்க்கவும் கூடாது. கண்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

#11 வடமராட்சியான்

இந்த இழையிலை சிங்களத்தையும் ஒருக்கால் போட்டுப் பாருங்கோ. உணர்ச்சி எண்டால் தனி ஆளின் கூச்சம் மட்டுமில்லை. 1956-இல் தனிச் சிங்களச் சட்டம், 1987-இல் 13ஆம் திருத்தத்தோடை தமிழும் அரசகரும மொழி. இந்த வரலாறு வகுப்புக்குள்ளை வந்து குந்தியிருக்கும். அரச உத்தியோகத்துக்காகப் படிக்கிற ஆளுக்கு ‘எங்கடை ஆக்களுக்கு எதிராக வந்த பாஷை’ எண்ட எண்ணம் இருந்தால், ‘அந்தச் சமூகத்தோடை கலக்க ஆசைப்படு’ எண்டு சொல்லிப் பிரயோசனமில்லை. படிப்பிக்கிற ஆள் அதை மறைக்கவும் தேவையில்லை, தீர்க்கவும் தேவையில்லை. மொழியை வேலைக்கான கருவியாக வைச்சுத் தொடங்கினால் போதும்.

செய்முறையாகச் சொன்னால்: எழுத்தைப் பிறகு வையுங்கோ, பேச்சைத் தொடங்குங்கோ. பேச்சுச் சிங்களத்தில் வினை ஆளுக்கு ஏற்ற மாதிரி மாறாது. ‘மம யனவா’ (நான் போறன்), ‘எயா யனவா’ (அவர் போறார்) இரண்டுக்கும் அதே ‘யனவா’. சொல் ஒழுங்கும் தமிழ் மாதிரித்தான். முதல் கிழமையே ஐம்பது வாக்கியம் கதைக்கலாம். அவமானம் வாற இடம் முன்னிலைச் சொல். ‘உம்ப’ (மரியாதையில்லாத ‘நீ’) எண்டு எங்கையோ கேட்டதைக் கந்தோரில் விட்டால் எதிராளியின் முகம் மாறும், அதோடை வாய் மூடிப்போகும். ‘ஒயா’வும் (சாதாரண ‘நீ’) மேலதிகாரிக்குச் சரிவராது. வழி: முன்னிலைச் சொல்லையே விட்டுவிட்டு ‘மஹத்தயா’, ‘மிஸ்’, ‘அய்யா’, ‘அக்கா’ எண்டு கூப்பிடுங்கோ. சிங்களத்தில் ‘அய்யா’ எண்டால் அண்ணன், அதையும் முதலே சொல்லிப்போடுங்கோ.

#12 நன்னூல்வாசி

அருமை. தமிழ்நாட்டிலும் இதற்கு இணை உண்டு. 1965 மொழிப் போராட்டம் கட்டாயத்துக்கு எதிரானது. அதே மாநிலத்தில் 1918 முதல் இயங்கும் தட்சிண பாரத ஹிந்தி பிரச்சார சபாவின் பிராத்மிக், மத்யமா தேர்வுகளுக்குப் பிள்ளைகள் மாலை டியூஷன் போகிறார்கள். ஒரே மொழிதான். தானாக எடுத்ததா, தலையில் வைத்ததா என்பது மனதுக்கு வேறு வேறு. (அரசியல் வாதம் வேண்டுமென்றால் தனி இழை தொடங்குங்கள், இதைக் கெடுக்காதீர்கள்.)

வேலைக்காகப் படிப்பது மட்டமான ஆர்வம் என்ற எண்ணமும் பழையது. கனடாவில் கார்ட்னரும் லாம்பர்ட்டும் 1959-இல் எழுதியதில், அந்த மொழிச் சமூகத்தோடு சேரும் ஆசை வலுவாகத் தெரிந்தது. 1972-இல் யாஸ்மீன் லுக்மானி பம்பாயில் மராத்தி பேசும் பள்ளி மாணவியரிடம் பார்த்தபோது ஆங்கிலத் தேர்ச்சியோடு ஒட்டிப்போனது பிழைப்புக்கான நோக்கம். ஊருக்கு ஊர் மாறும்.

#13 வெண்பலகை

அப்படியானால் கடன், ஏஜென்சி, ‘எப்பப்பா போறே’ என்று கேட்கும் சொந்தக்காரர்கள்? அந்த அழுத்தத்தை என்ன செய்வது?

#14 உருபுமயக்கம்

மொழி கற்கும் ஆர்வத்தை ஆராய்ந்த டோர்ன்யெய் 2005-இல் இரண்டு ‘நான்’களைப் பிரித்தார்: ஆக விரும்பும் நான், ஆகியே தீர வேண்டிய நான். கடனும் சொந்தக்காரர்களும் இரண்டாவதைத்தான் ஊதிப் பெருக்குகிறார்கள். அது ஆளை வகுப்புக்குக் கொண்டுவரும், வாயைத் திறக்க வைக்காது. தப்பு வராமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் குறி. தப்பில்லாமல் இருக்கச் சுலபமான வழி பேசாமல் இருப்பது.

முதல் ‘நானை’ வளர்க்க ஐரோப்பா படம் உதவாது, அது சுற்றுலாப் பயணியின் படம். வார்டைக் காட்டுங்கள். காலை ஷிப்ட், முதியவர் ஒருவர், எட்டு வாக்கியம். ‘வோ ஹாபென் ஸீ ஷ்மெர்ட்ஸென்?’ என்று வலி எங்கே எனக் கேட்பது. பூஜ்யம் முதல் பத்து வரை வலிக்கு எண் கேட்பது. தூக்கம் எப்படி இருந்தது. மாத்திரையைத் தண்ணீரோடு எடுக்கச் சொல்வது. இதெல்லாம் ஏ1 இலக்கணத்திலேயே ஆகும். ஆறாவது வாரம் இதை நடிக்க வையுங்கள். வலியைப் பற்றித் தமிழில் ஆயிரம் தடவை கேட்ட கை அது, உடல்மொழி தானாக வரும். தொழிலில் கெட்டிக்காரராக இருந்துகொண்டு மொழியில் குழந்தையாக நிற்பதுதான் இவர்களின் பெரிய வலி. இந்த எட்டு வாக்கியத்தில் இரண்டும் ஒன்றாகச் சேரும்.

அழுத்தத்தைக் குறைக்கத் தகவலும் உதவும். நர்ஸ் அங்கீகாரத்துக்குப் பெரும்பாலான ஜெர்மன் மாநிலங்கள் பி2 (ஏ1, ஏ2, பி1 தாண்டிய நாலாவது நிலை) கேட்கின்றன. கோதே நிறுவனத்தின் பி2 தேர்வில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் நான்கும் தனித்தனி மாட்யூல், ஒவ்வொன்றிலும் 100-க்கு 60. ஒன்று போனால் அதை மட்டும் திரும்ப எழுதலாம். பி1-லும் அப்படியே. ஏ1 மொத்தமாக ஒரே தேர்வு. ‘ஃபெயில்’ என்றால் மொத்தமும் போச்சு என்று நினைத்துக்கொண்டு நடுங்குகிறவர்கள் ஏராளம்.

#15 கணக்குப்பிள்ளை

அளக்காமல் பேசுகிறோம். எலைன் ஹோர்விட்ஸும் உடன் எழுதியவர்களும் 1986-இல் வெளியிட்ட வகுப்பறைப் பதற்ற அளவுகோலில் 33 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிலை. மொத்தம் 33 முதல் 165 வரை. எட்டுக் கேள்விச் சுருக்கமும் புழக்கத்தில் உண்டு, மாதம் ஒருமுறைக்கு அது போதும். பெயர் எழுத வேண்டாம், ஆளுக்கொரு ரகசிய எண் போதும். டவாலேயும் மக்கின்டயரும் 2014-இல் 1,746 பேரிடம் பதற்றத்தையும் மகிழ்ச்சியையும் சேர்த்துக் கேட்டார்கள். ஒன்று ஏறினால் மற்றது அதே அளவு இறங்கும் தராசுத் தட்டுகளாக அவை இல்லை. பயந்துகொண்டே ரசிக்கவும் முடியும், பயமே இல்லாமல் கொட்டாவி விடவும் முடியும். ஆகவே ‘டென்ஷனைக் குறை’ என்பது பாதி வேலைதான்.

படிவத்தைவிட நான் நம்புவது எண்ணிக்கை. 90 நிமிட வகுப்பு, 20 பேர். ஆசிரியர் 50 நிமிடம் பேசினால் மிச்சம் 40, ஒருவர் ஒருவராகப் பேசினால் ஆளுக்கு இரண்டு நிமிடம். அதில் 15 நிமிடத்தை இருவர் இருவராகப் பிரித்துவிட்டால் அந்தப் பதினைந்திலேயே ஆளுக்கு ஏழரை. வருகைப் பதிவேட்டில் பெயருக்கு நேரே, முழு வாக்கியம் சொன்னால் ஒரு கோடு போடுங்கள். தொடர்ந்து மூன்று வகுப்பு கோடு இல்லாத பெயர்தான் அடுத்து வகுப்பை விட்டு நின்றுவிடப்போகிற பெயர். சோர்ந்த முகத்தை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்த்தால் தாமதமாகிவிடும்.

அந்த ஆளைத் தனியாகக் கூப்பிட்டு அறிவுரை சொல்லாதீர்கள். அடுத்த வகுப்பில் அவருக்கு நிச்சயம் தெரிந்த ஒரு பதிலை இருவர் பயிற்சியில் முதலில் கேளுங்கள். கோடு திரும்ப விழும்.

#16 வெண்பலகை

திங்கள்கிழமை பேட்ச்சுக்குப் பதிவேட்டுக் கோடு, பெயர் அட்டை, எட்டு வாக்கியம் மூன்றும் வைக்கிறேன். ஏ1 கேட்டல் பகுதியில் ஒரு சந்தேகம்: நடுப் பகுதி அறிவிப்புகள் ஒரே தடவைதான் ஒலிக்கும். ஒன்றைத் தவறவிட்டால் அதையே நினைத்து அடுத்த இரண்டையும் விடுகிறார்கள். இதற்குப் பயிற்சி உண்டா?

#17 ஒற்றுப்பிழை

உண்டு. வேண்டுமென்றே விட வையுங்கள். ஐந்து அறிவிப்பு ஓட்டும்போது இரண்டாவதன் ஒலியை நீங்களே அணைத்துவிடுங்கள். எல்லாருக்கும் அது போகும். விதி: ஏதாவது ஒரு விடையைக் குறித்துவிட்டு, பென்சிலை அடுத்த கேள்விக்கு நகர்த்த வேண்டும். பென்சில் நகர்ந்ததா என்று மட்டும் பாருங்கள். நாலைந்து தடவை செய்தால், போனது போகட்டும் என்று கை பழகிவிடும்.

#18 உருபுமயக்கம்

எண் கேட்கும் இடத்துக்கு ஒன்று விட்டுப்போச்சு. ஜெர்மனில் 21 என்பதை ‘ஒன்றும் இருபதும்’ என்று திருப்பிச் சொல்வார்கள். தொலைபேசி எண்ணை இரண்டிரண்டாகச் சொல்லப் போனால் அங்கே மாட்டுவார்கள். ஒற்றை ஒற்றை இலக்கமாகச் சொல்லப் பழக்குங்கள். ‘ட்ஸ்வை’யும் ‘ட்ரை’யும் போனில் ஒன்றுபோலக் கேட்கும் என்பதால் ஜெர்மானியர்களே இரண்டுக்கு ‘ட்ஸ்வோ’ என்பார்கள். அதையும் சொல்லிக்கொடுத்துவிடுங்கள், தேர்வில் காதில் விழுந்தால் திகைக்க மாட்டார்கள்.